துணி மிதித்தவர்களின் பெயர்

என் குடும்பப் பெயர் ஆங்கிலப் பெயர். அதை இங்கே எழுதப் போவதில்லை. கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டுக் காலால் மிதித்து இறுக்கிய தொழிலாளிகளுக்கு நான் இப்போது வாழும் இங்கிலாந்தில் ஒரு காலத்தில் வழங்கிய பெயர் அது. இதை எனக்குச் சொன்னவர், அதே பெயருள்ள ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. அந்தப் பெயர்க்காரர்கள் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். ஆண்டுக்கொருமுறை லண்டனில், விம்பிள்டனில் ஒரு தேவாலய மண்டபத்தில் கூடி, வம்ச வரைபடத்தைச் சுவரில் ஒட்டித் தேநீர் குடிப்பார்கள். அவர்தான் செயலாளர்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் முதன்முறை போனேன். "எங்கள் பெயர் உங்களுக்கு எப்படி வந்தது?" என்று கேட்டார்.

எப்படி வந்ததென்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்நாளில் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ மிஷன் விடுதியில் ஓர் ஏழைப் பையனைச் சேர்த்தால், அவன் சோற்றுக்குக் கடல்கடந்து பணம் அனுப்பும் கனவானின் பெயரை அவனுக்குச் சூட்டிவிடுவார்கள். தாய் வைத்த பெயர் அன்றோடு சரி. என் பாட்டனின் தகப்பனான பூட்டனுக்கு அப்படித்தான் நடந்தது. அவருடைய தாய் ஒரு விதவை, ஊரார் வீடுகளில் நெல்லுக் குத்தியவள். ஒரு பிள்ளைக்குச் சோறு போட்டதற்காக அதன் பெயரைப் பிடுங்கலாம் என்று இவர்களுக்கு யார் சொன்னது? இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

அதை அன்று நான் சொல்லவில்லை. "என் பூட்டனின் தகப்பன் மலைநாட்டில் தோட்டம் வைத்திருந்த ஓர் ஆங்கிலேயர்" என்றேன். நெல்லுக் குத்தியவளின் வம்சம் என்று சொல்ல வெட்கம். செயலாளரின் முகம் மலர்ந்தது. பின்னர் அச்சான சங்கப் புத்தகத்தில் எங்கள் கிளையும் வந்தது. முதலில் அந்தத் தோட்டத் துரை, பக்கத்தில் 'உள்ளூர்ப் பெண் ஒருத்தி'.

இவ்வருடம் ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கும் என் மகள் டிஎன்ஏ சோதனை செய்தாள். முடிவையும் அந்தப் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு லூயிஷாமில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள்.

"அப்பா, வெள்ளைக்கார ரத்தம் ஒரு சொட்டும் இல்லையாம். அப்ப இந்தத் துரை ஆர்?"

எல்லாவற்றையும் சொன்னேன்.

"நெல்லுக் குத்திப் பிள்ளையை வளத்த மனிசி. அவவைப் போய்த் துரையின்ர வைப்பாட்டி ஆக்கிப்போட்டியள்."

"நான் அப்பிடிச் சொல்லேல்லைப் பிள்ளை. அந்தச் சங்கத்துக்காரர் எழுதினது."

"எழுதினது அவை. சொல்லிக் குடுத்தது ஆர்?"

அடுத்த கூட்டத்துக்கு இருவரும் போனோம். செயலாளர் பேசிக்கொண்டிருந்தார். "நம் முன்னோர் நாள் முழுக்கப் பழைய மூத்திரத் தொட்டியில் நின்றவர்கள். துணி வெளுக்க அதுதான் மருந்து." மண்டபம் சிரித்துக் கைதட்டியது. அவர்கள் மூத்திரத்தில் நின்றவனைக் கூச்சமின்றிக் கொண்டாடுகிறார்கள். நான் அரிசி தந்தவளை ஒளித்துவிட்டேன்.

எழுந்து உண்மையைச் சொன்னேன்.

"அப்படியானால் நீங்கள் எங்கள் குடும்பமே இல்லை" என்றார் செயலாளர், இதமாகவே. "அடுத்த பதிப்பில் உங்கள் கிளையை எடுத்துவிடலாம்."

"எங்களைக் கேட்காமல் இந்தப் பெயரைக் கொடுத்தது உங்கள் ஆட்கள்" என்றேன். " கிளை இருக்கட்டும். துரையை எடுங்கள்."

"பிறகு யாருக்குக் கீழே போடுவது? அந்தத் தாய்க்குக் குடும்பப் பெயர் இல்லையே."

அவளுக்கென்று ஒரு பெயர் இருந்தது. என் தகப்பன் எனக்குச் சொல்லியிருந்தார். நான் சுவரில் ஒட்டிய வரைபடத்தருகே போய்த் துரையின் மேல் கோடு கிழித்து, அவள் பெயரைத் தமிழில் எழுதினேன். யாரும் தடுக்கவில்லை.

"நெல்லுக் குத்தினவ எண்டும் எழுதுங்கோ" என்றாள் மகள்.

அதையும் எழுதினேன்.