ஜீப் நிறுத்தத்துச் சார்ஜிங் நிலையமும் செல்லத்தாய் மெம்பரும்

செல்லத்தாய் இறந்துபோன செய்தியை, கம்பத்திலிருந்து முதல் ட்ரிப் ஏற்றி வந்த ஜீப் டிரைவர்தான் எனக்குச் சொன்னார். கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன். "அண்ணாச்சி, மெம்பர் அக்கா போயிட்டாக. நேத்து மூச்சுத் திணறுதுன்னு கீழ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாக. விடியக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றார். ஜீப்புக்குள் தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். வேலைக்கு இறக்கிவிடுவதா, வண்டியைத் திருப்புவதா என்று டிரைவர் என்னைக் கேட்டார். ஷட்டரை இறக்கிவிட்டுக் கடைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவரை அறிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கேரள எல்லைக்குள், சக்குபள்ளத்தைத் தாண்டி ஏலத்தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது எங்கள் பஞ்சாயத்து. செல்லத்தாய் தோட்டத்தில் ஏலக்காய் எடுத்துக்கொண்டே உறுப்பினராகவும் இருந்தார். நான் பக்கத்து வார்டு மெம்பர், பேட்டரிக் கடைக்காரன். கமிட்டி ஹாலில் அவரும் நானும் அடுத்தடுத்த நாற்காலி. இருவருக்கும் கட்சி ஒன்றுதான். கருத்து மட்டும் ஒரு நாளும் ஒன்றாக இருந்ததில்லை.

மின்சாரக் கார் வாங்குகிறவருக்கு அரசு மானியம் கொடுக்கலாமா என்ற பேச்சு எங்களுக்குள் எத்தனை முறை நடந்திருக்கும்! கொடுக்கத்தான் வேண்டும் என்பது என் வாதம். வழியில் சார்ஜ் ஏற்ற இடம் இல்லாவிட்டால் யாரும் வண்டி வாங்க மாட்டார்கள். வண்டி ஓடாவிட்டால் யாரும் நிலையம் வைக்க மாட்டார்கள். அரசு முதலில் கை கொடுத்தால்தான் நகரும் என்பேன். "பேட்டரிக் கடைக்காரரு பேட்டரியத்தான பேசுவாரு" என்று சிரிப்பார். பிறகு சிரிப்பு போய்விடும். "கார் வாங்கத் தெம்பு இருக்கிறவருக்கு எதுக்கு அண்ணாச்சி சர்க்கார் காசு? வேலைக்கு வார ஜீப்புக்குக் குடுங்க. இல்ல, ரெண்டு பஸ்ஸு விடுங்க." ஜீப்புக்கும் வரும், முதலில் இது வரட்டும், அது பிறகு என்று நான் சொன்னால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். "பெறகு, பெறகு. எங்களுக்கு எல்லாமே பெறகுதான்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பொதுச் சார்ஜிங் நிலையத்துக்கு அரசு உதவி கிடைக்கும், பஞ்சாயத்து இடம் கொடுத்தால் போதும் என்று தகவல் வந்தபோது அந்தச் சண்டை முற்றியது. எங்களிடம் இருந்த ஒரே இடம் ஜீப் நிறுத்தம். எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வரும் பெண்கள் இறங்கி, தோட்டத்து வண்டிக்காக நிற்கும் இடம் அது. கூரை கிடையாது. கழிப்பறை கிடையாது. இருட்டில் வீட்டை விட்டுக் கிளம்புகிற பெண்கள், வழியில் ஒதுங்க இடமில்லையே என்று காலையில் தண்ணீர்கூடக் குடிக்காமல் வருவார்கள். அங்கே ஒரு கழிப்பறை கட்டச் சொல்லி செல்லத்தாய் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஃபண்டு இல்லை என்ற ஒரே பதிலை ஒவ்வொரு கமிட்டியும் சொன்னது. ஆமாம் என்று தலையாட்டியவர்களில் நானும் ஒருவன்தான். இப்போது நிற்கிற இடமும் போகிறது என்றதும், "எம் பொணத்து மேல கட்டுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அந்த வாரமே ஒரு மின்சாரக் கார் மலையேறி வந்து, நிறுத்தத்தருகே சார்ஜ் இல்லாமல் நின்றுவிட்டது. சமவெளிக்காரக் குடும்பம். ஏற்றத்தில் சார்ஜ் இவ்வளவு சீக்கிரம் இறங்கும் என்று அவர்கள் நினைக்கவில்லை. மழை வேறு. என் கடையிலிருந்து ஒயர் இழுத்து மெதுவாக ஏற்றிக்கொண்டிருந்தோம். செல்லத்தாய் பாலில்லாத கட்டஞ்சாயா வாங்கிக் கொடுத்தார். காரில் இருந்த அம்மாள் அவரைத் தனியே அழைத்து, பாத்ரூம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். "நாங்களும் அதத்தாம்மா கேட்டுக்கிட்டே இருக்கோம்" என்றார் செல்லத்தாய். தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருந்த தன் வீட்டுக்கு அழைத்துப் போய்த் திரும்பும்போது அவர் முகம் வேறு மாதிரி இருந்தது. அவர் என்ன யோசிக்கிறார் என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

அடுத்த கமிட்டியில் எழுந்து நின்று, "சார்ஜிங் வரட்டும்" என்றார். நான் நாற்காலியிலிருந்து விழாத குறை. "ஆனா சார்ஜ் ஏற நேரம் ஆகும்ல? அதுவரைக்கும் கார்ல வந்த பொம்பளைக எங்க போவாக? பெரிய கூரையாப் போட்டு, உக்கார பெஞ்சும் கக்கூஸும் சேத்துக் கட்டுங்க" என்றார். ஒருவரும் மறுக்கவில்லை. ஃபண்டு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. மூச்சு விடுகிற நேரத்தில் தீர்மானம் நிறைவேறியது. வெளியே வந்ததும் என்னிடம், "பாத்தீகளா? நமக்குன்னு கேட்டா ஃபண்டு இல்லம்பாக. காருக்குன்னு கேட்டேன், டைல்ஸே ஒட்டித் தாராக" என்றார். சிரிக்கவில்லை. களைத்துப்போயிருந்தார். எனக்கும் ஜெயித்த மாதிரி இல்லை.

கட்டி முடித்தார்கள். கூரையும் வந்தது, கழிப்பறையும் வந்தது. கூடவே, 'சார்ஜ் ஏற்றுபவர்களுக்கு மட்டும்' என்று ஒரு பலகையும், கதவில் ஒரு பூட்டும் வந்தன. வார்டு மெம்பர் என்ற உரிமையில் ஒரு சாவியை வாங்கிக்கொண்டு, முதல் ஜீப் வருமுன் செல்லத்தாய் போய்த் திறந்துவிடுவார். காய் எடுக்கப் போகும் பெண்கள் அந்தக் கூரையின் கீழ் நின்று இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொள்வார்கள். மழைக்குப் போர்த்தி வந்த பிளாஸ்டிக் தாள்களை, காரில் செருகும் சார்ஜ் துப்பாக்கியை மாட்டுகிற கொக்கியில் தொங்கவிடுவார்கள். ஒரு கார்க்காரர் படம் பிடித்துப் புகார் அனுப்பினார். கரண்டு விஷயம், ஈரத்தோடு விளையாடக் கூடாது என்று நானும் போய்ச் சொன்னேன். "அது நீங்க சொல்றது சரிதான்" என்று அன்றைக்கே தூணுக்குத் தூண் கயிறு கட்டினார். பூட்டைப் பற்றிப் பேச்செடுத்தபோது மட்டும், "புகார் வந்தா எம்பேர எழுதிக்கிடச் சொல்லுங்க" என்று முடித்துவிட்டார்.

இரங்கல் கூட்டத்தில் சார்ஜிங் நிலையத்துக்கு அவர் பெயரை வைக்கலாம் என்றார் பஞ்சாயத்து பிரசிடென்ட். எல்லோரும் கைதட்டத் தயாரானார்கள். நான் எழுந்து, பெயர் வேண்டாம், அந்தப் பலகையையும் பூட்டையும் எடுத்துவிடுங்கள் என்றேன். இத்தனை காலத்தில் செல்லத்தாய் பக்கம் நின்று நான் பேசியது அன்றுதான். கேட்க அவர் இல்லை. பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அடுத்த கமிட்டியில் பார்க்கலாம் என்று சொல்லி, எழுந்து நின்று மௌனம் காத்துவிட்டுக் கலைந்தார்கள்.

மறுநாள் அவருடைய மகள் கடைக்கு வந்து சாவியை மேசைமேல் வைத்தாள். "யாராச்சும் தொறக்கணும்ல மாமா" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

இப்போது விடியுமுன் நான்தான் போகிறேன். கதவைத் திறந்துவிட்டு, பெண்கள் கூச்சப்படாமல் இருக்கட்டும் என்று சாலைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொள்கிறேன். அரசு மானியம் கொடுக்க வேண்டும் என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் அதை மறுத்துப் பேச ஆளில்லாத கமிட்டியில் உட்காரவே அலுப்பாக இருக்கிறது. செல்லத்தாயின் போட்டோ ஒன்றுகூட என்னிடம் இல்லை. அவர் நினைவாக என்னிடம் இருப்பது இந்தச் சாவிதான். இதை வைத்திருக்க எனக்குப் பிடிக்கவில்லை. அவரை அறிந்தவர்களே, அடுத்த கமிட்டி கூடும் நாளில் வாசலில் வந்து நில்லுங்கள். இந்தச் சாவிக்கு இனி வேலை இருக்கக் கூடாது.