காற்றில் பஞ்சு இழுத்தவர்

அவிநாசி சாலை ஓட்டலில் பிரெஞ்சு சிவப்பு ஒயின் விருந்து. எங்கள் மேசையில் அடர்ந்த மீசையோடு ஒரு மில் முதலாளி இருந்தார். ஒவ்வொரு மிடறுக்குப் பிறகும், பஞ்சின் தரம் பார்ப்பதுபோல் இரண்டு விரல்களைக் காற்றில் மெல்ல இழுத்துப் பிரித்தார்.

“மழை நனைத்த கல்லின் வாசம்,” என்றேன் மனைவியிடம். என் கவிதைகளின் முதல் ரசிகை அவள்தான்.

“கல்லெல்லாம் எதுக்குங்க?” என்றார் அவர். “இதுல ரெண்டு திராட்சைங்க, அம்மணி. ஒண்ணு மெதுவான பஞ்சு, இன்னொண்ணு முறுக்குத் தாங்கும். நம்ம மில்லுல ரெண்டு பஞ்சைக் கலக்கற மிக்ஸிங் மாதிரித்தானுங்க. அதான் நூல் அறுபடாம தொண்டைல எறங்குது.”

அவள் கண்மூடிக் குடித்தாள். “அட, அறுபடவே இல்லீங்க!” என்று சிரித்தாள். என் வரி எதற்கும் அப்படிச் சிரித்ததில்லை.

அவரை மறுபடி நான் பார்க்கவில்லை. ஆனால் இப்போதும் வீட்டில் ஒயினை விழுங்கியதும் அவள் விரல்கள் காற்றில் பஞ்சு இழுக்கின்றன. நான் காணாததுபோல் கோப்பையை நிரப்புகிறேன்.