வீடும் இல்லை, வேனும் இல்லை

மாமா அந்த வேனுக்குள் கட்டில் பொருத்திய மதியம் அப்படியே நினைவில் இருக்கிறது. கிள்ளானில் அவர்கள் வீட்டு வாசலில் வேனின் பின்கதவு விரியத் திறந்து கிடந்தது. மாமா நாலைந்து ஸ்க்ரூக்களைப் பல்லில் கடித்துக்கொண்டு உள்ளே மண்டியிட்டிருந்தார். வெளியே சக்கர நாற்காலியில் இருந்த அத்தை, தலைமாடு ஜன்னல் பக்கம்தான் வரவேண்டும் என்று நல்ல கையால் ஜாடை காட்டிக்கொண்டே இருந்தார். மாமா என் அம்மாவின் தம்பி. கோலாலம்பூருக்கும் ஜொகூருக்கும் விரைவுப் பேருந்து ஓட்டியே தலை நரைத்தவர். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த கொஞ்ச நாளில் அத்தைக்குப் பக்கவாதம் வந்தது. அதன் பிறகு அத்தையால் காரில் கிளினிக் வரைக்கும்கூட நிமிர்ந்து உட்கார்ந்து போக முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் ஜொகூரில் அவர்கள் ஒரே மகளுக்குக் குழந்தை பிறந்தது. பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை. அறுவை சிகிச்சை முடியும்வரை வெளியூர் எங்கும் தூக்கிப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஆம்புலன்ஸ் வைத்து அத்தையைக் கொண்டுபோகலாம் என்றேன். அந்தப் பேச்சை எடுத்தாலே அத்தை அழுதுவிடுவார். அதில் ஏறினால் திரும்பி வரமாட்டோம் என்று பயம். போனில் குழந்தையைக் காட்டினால் திரையை விரலால் தடவுவார், படம் மறைந்துபோகும், அதற்கும் அழுகை. அதனால்தான் கட்டில் வைத்த வேன். படுத்துக்கொண்டே போய் மகளையும் பேரனையும் பார்த்துவிட்டு வரவேண்டும். அவ்வளவுதான் ஆசை.

ஆனால் மாமாவுக்குக் காப்புறுதி, அந்த இன்சூரன்ஸ், இல்லாமல் சக்கரம் ஒரு சுற்று சுற்றக் கூடாது. உடன் ஓட்டிய ஒருவர் காலாவதியான காப்புறுதியோடு போய் மோதி, எதிரே வந்த குடும்பம் நடுத்தெருவில் நின்றதைப் பார்த்தவர் அவர். வீட்டுக்கும் காப்புறுதி இல்லை, முன்பொரு முறை முழங்கால்வரை வெள்ளமும் வந்திருந்தது. சேர்த்தே வாங்கிவிடலாம், இரண்டும் ஒரே இடத்தில் என்றால் பார்த்துப் போடுவார்கள் என்று என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினார். பிரிக்ஃபீல்ட்ஸில் அலுவலக வேலை செய்கிறவள், நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசுவேன், அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்பது எங்கள் குடும்பத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

போன இடமெல்லாம் வீட்டுக் காப்புறுதிக்கு நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார வைத்தார்கள். வெள்ளம் தனி, திருட்டு தனி, குழாய் வெடித்தால் தனி என்று அடுக்கினார்கள். வேன் என்றதும் முகம் மாறும். ஓரிடத்தில் நம் தமிழ்ப் பெண்தான், பாவம், பொறுமையாகவே கேட்டாள். உள்ளே கட்டிலும் சின்ன அடுப்பும் இருக்கிறது என்று மாமா மறைக்காமல் சொன்னார்.

"அப்ப அது வேன் இல்ல அங்கிள். ஆள் படுக்கிற வண்டி லா."

"சரிம்மா, வீடுன்னே போட்டுக்க. வீட்டுக்குத்தான் குடுக்கிறீங்களே."

"வீடுன்னா அது நகரக் கூடாதே அங்கிள்."

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த சிரிக்கும் குடும்பப் படத்தைப் பார்த்தேன். வேறென்ன செய்ய? வண்டியை மாற்றியமைத்ததற்கு முறையான அனுமதி வாங்கி வந்தால் தருவார்களாம். அதற்கு ஒரு பொறியாளர் பார்க்க வேண்டும், பட்டறையில் கட்டிலைக் கழற்றி வேறு விதமாகப் பூட்ட வேண்டும், அப்புறம் சோதனை. எனக்குக் கேட்கும்போதே தலை சுற்றியது.

இதற்கிடையில் சம்பந்திக்கு விஷயம் எட்டிவிட்டது. மகளின் மாமனார். அவரே காப்புறுதி முகவர்! மாமா வேண்டுமென்றேதான் அவரிடம் போகவில்லை. பெண் கொடுத்த இடத்தில் வியாபாரம் பேசினால் கூடக் குறையப் பேச முடியாது என்று ஒதுங்கியிருந்தார். அவருக்கோ அது பெரிய குறையாகிவிட்டது. வீட்டில் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று மகள் போனில் அழுதாள். மாமா அன்றே சம்பந்தியைக் கூப்பிட்டார். மறுநாளே வீட்டுக்கும் வேனுக்கும் காப்புறுதி தயார். சாதாரண வேன் என்று. கட்டிலைப் பற்றி அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. உதவி செய்கிறேன் என்று ஆசையாக வந்தவரிடம் என் வண்டி அப்படியில்லை என்று சொன்னால், அவர் வேலையைக் குறை சொன்னதாகுமாம்.

"நீ படிச்ச பொண்ணு, சொல்லும்மா. இதை நம்பி அவளை ஏத்திக்கிட்டுப் போலாமா?"

ஏதாவது ஆனால் ஒரு காசு தரமாட்டார்கள் என்றேன். அது அவருக்கும் தெரியும். அன்றிலிருந்து அவர் படும்பாட்டைப் பார்க்க எனக்கு ஆற்றாமையாக இருந்தது. இந்தக் காப்புறுதியோடு ஓட்ட மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. இதை ரத்து செய்தால் சம்பந்திக்கு முகத்தில் அறைந்த மாதிரி, மகள் அந்த வீட்டில் வாழ வேண்டும். ஆக, சம்பந்தியிடம் கியர்பாக்ஸ் கெட்டுப்போச்சு என்று பொய் சொல்லிவிட்டு, ரகசியமாக அனுமதிக்கு அலைய ஆரம்பித்தார். பட்டறைக்காரன் இன்று நாளை என்று இழுத்தடித்தான். ஒருமுறை கட்டிலை அளவு தவறிப் பூட்டி, மறுபடியும் பிரித்தான். அத்தை தினமும் காலையில் எப்ப போறோம் என்பார். வேன் ரெடியாகட்டும் என்பார் மாமா. நான் சனிக்கிழமைகளில் போய் இரண்டு பேருக்கும் நடுவில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்தக் காத்திருப்பில்தான் அத்தைக்கு இரண்டாவது முறை பக்கவாதம் வந்தது. பேச்சு போகவில்லை, முன்பைவிடத் தெளிவாகவே பேசினார். ஆனால் எப்போது போகிறோம் என்று கேட்பது மட்டும் நின்றுபோனது.

ஒருவழியாக அனுமதி கைக்கு வந்தது. மாமா தயங்கித் தயங்கி சம்பந்தியிடம் உண்மையைச் சொன்னார். அவர் கோபப்படவே இல்லை.

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே சம்பந்தி. எழுதிக் குடுத்திருந்தா நானே அலைஞ்சு முடிச்சிருப்பேனே."

சில நிமிடங்களில் காப்புறுதியைத் திருத்தியும் கொடுத்துவிட்டார். மாமா போனை வைத்துவிட்டு வேனுக்குள் ஏறி, கட்டில் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்தார். எனக்கு யார் மேல் எரிந்து விழுவது என்றே தெரியவில்லை.

போன மாதம்தான் போனோம். அத்தை ஜன்னலோரம் தலைவைத்துப் படுத்திருந்தார், பக்கத்தில் நான். மாமா முன்பு பயணிகளை ஏற்றிக்கொண்டு போன அதே சாலையில், குழியைக் கண்டால் பத்தடிக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, அலுங்காமல் ஓட்டினார். ஒரு கீறல் விழவில்லை. அத்தனை பாடுபட்டு வாங்கிய காப்புறுதிக்கு வழியில் ஒரு வேலையும் இல்லை.

மகள் வாசலிலேயே காத்திருந்தாள். குழந்தைக்கு அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. வேன் நின்றதும் அவனை ஏந்திக்கொண்டு ஏறி, கட்டிலில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அத்தை மரியாதையாகக் காலை ஒதுக்கி இடம் கொடுத்தார். பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார், அவன் உள்ளங்காலைத் தொட்டார்.

"பச்சப் புள்ளைய வச்சிருக்கீங்க, நல்லா சாஞ்சு உக்காருங்க. பயப்படாதீங்க, இந்த டிரைவர் மெதுவாத்தான் ஓட்டுவாரு. நானும் ஜொகூருக்குத்தான் போறேன், என் மகளைப் பார்க்க."

மகள் சரிங்க என்றாள். மாமா எஞ்சினை அணைக்காமல் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.