பன்னிரண்டு வரவில்லை

மழை பொய்த்த அந்த வருஷம், பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டைக்குக் கப்பல் வரும்போதெல்லாம் எங்கள் குப்பத்துக் குழந்தைகள் காணாமல் போனார்கள். தரகர்கள் வெல்லத்தைக் காட்டிக் கூட்டிப்போய்க் கப்பலுக்கு அடிமையாக விற்றார்கள். கேட்பதற்கு ஆளில்லை.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். ஒட்டிய கன்னம், சிரித்தே பழகாத வாய். சின்னஞ்சிறு பிள்ளைகளை ஈரமணலில் உட்காரவைத்து விரலால் 'அ', 'ஆ' எழுதவைப்பாள். ஆளுக்கொரு எண் கொடுத்து, அடிக்கடி வரிசையாகச் சொல்லச் சொல்வாள். தப்பினால் மணலை ஓங்கி அறைவாள்.

“நாலு வயசுப் புள்ளைக்கு எண்ணு இன்னாத்துக்கு?” என்று கேட்டேன்.

“ஒண்ணு கொறைஞ்சா தெரிய வேணாமா?” என்று சீறினாள்.

ஒருநாள் ஏரியில் நான் கையால் இறால் தடவிப் பிடித்துக்கொண்டிருந்தபோது, “பன்னெண்டு வரல” என்று பிள்ளைகள் கத்தினார்கள். பன்னிரண்டு என் மகள்.

நான் கரையேறுவதற்குள் அந்தப் பெண் துறைக்கு ஓடித் தரகனின் படகுக் கயிற்றைப் பிடித்திருந்தாள். துடுப்பால் அடித்தார்கள். நெற்றி பிளந்தும் அவள் விடவில்லை. கூட்டம் சேரவும், தரகன் குழந்தையை இறக்கிவிட்டுப் போனான்.

நான் அவள் காலில் விழுந்தேன்.

“எழுந்திரு. போன மாசம் ரெண்டு புள்ளைங்க போச்சே, நீங்கல்லாம் இன்னா பண்ணீங்க? அழுதுட்டு வலை இழுக்கப் போனீங்க. இனிமே நீ எண்ணு.”

மறுநாள் அவள் அடுத்த குப்பத்துக்குப் போய்விட்டாள். அந்தக் கோபம் எந்தக் குழந்தையை இழந்து வந்தது என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

பிள்ளைகளை உட்காரவைத்து எண்ணத் தொடங்கினேன். எனக்குப் பத்துக்குமேல் தெரியவில்லை. மீதியை என் மகள் சொல்லிக்கொடுத்தாள்.