ஆறுக்குப் பதில் இரண்டு

என் மனைவிக்கு ஆரி வேலை. கல்யாண ஜாக்கெட்டுகளில் கல்லும் ஜரிகையும் வைத்துத் தைப்பாள். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணிமேல் குனிந்துவிட்டால் இமைக்கவே மறந்துபோவாள். சில வருடங்களுக்கு முன் அவளுக்குக் கண் வறண்டுபோனது. மண் விழுந்த மாதிரி உறுத்துகிறது என்றாள். கோயமுத்தூர் டாக்டர் எழுதிக்கொடுத்த சொட்டு மருந்து ஒரு மணி நேரம் தாங்கும், அப்புறம் பழைய கதைதான்.

தேனும் மூலிகையும் சேர்ந்த புதுச் சொட்டு மருந்து ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறோம், சேர்ந்துகொள்கிறீர்களா என்று அந்த டாக்டரின் ஆஸ்பத்திரியிலேயே கேட்டார்கள். எனக்கு ஒரே குஷி. இயற்கை என்று அட்டையில் போட்டிருந்தால் எதையும் வாங்கிவிடுகிற ஆள் நான். அவள் யோசித்தாள். நான்தான் இழுத்துப்போய்க் கையெழுத்துப் போடவைத்தேன்.

சோதனையைக் கவனித்துக்கொண்டது ஒரு இளம் பெண் டாக்டர். எங்கள் மகள் வயதுதான் இருக்கும். மனைவியின் கீழிமைக்குள் ஒரு காகிதத் துண்டைச் செருகி, கண்ணீர் எவ்வளவு தூரம் ஊறுகிறது என்று பார்த்தாள். பிறகு ஒரு நோட்டைக் கொடுத்தாள். எரிச்சல் எவ்வளவு என்று தினமும் பத்துக்கு ஒரு நம்பர் போட வேண்டும். ஒரு மாதம் கழித்து வர வேண்டும்.

"எரிஞ்சா எரியுதுன்னே எழுதுங்க. அஞ்சுக்கு மேல போச்சுன்னா எனக்கு ஒரு போன் பண்ணிருங்க. உடனே நிறுத்திப்போடலாம்."

இதற்குமேல் தெளிவாக யார் சொல்வார்கள்? நான் அங்கேயே எங்கள் ஊர்ப் புத்தியைக் காட்டினேன்.

"ஏனுங்க அம்மணி, உங்களுக்கு எந்த ஊருங்க?"

"வெள்ளகோவிலுங்க."

அவ்வளவுதான். என் மனைவியின் பிறந்த வீடும் அந்தப் பக்கம்தான். அப்பாவின் தோட்டம் எங்கே, எத்தனை பேர் கூடப் பிறந்தவர்கள் என்று எல்லாம் விசாரித்து முடித்தோம். கிளம்பும்போது அந்தப் பெண் எங்களுக்கு டாக்டராகவே தெரியவில்லை, எங்கள் வீட்டுக் கண்ணாகிவிட்டாள். நம்மவர்களிடம் நன்றாக இல்லை என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. விருந்துக்குப் போன வீட்டில் குழம்பில் உப்பே இல்லாவிட்டாலும் அருமைங்க என்று சொல்லிவிட்டு வருகிற கூட்டம்.

மருந்து போட்டு மனைவி கண்ணை மூடிக்கொண்டிருப்பாள், நான் கேட்டு நோட்டில் எழுதுவேன். முதல் வாரம் மூன்று, நான்கு என்று போனது. இரண்டாவது வாரம் ஒரு காலையில், "ஆறு போடுங்க. மொளகாத்தூள் பட்டாப்பல எரியுது" என்றாள்.

"மொதல்ல அப்படித்தான் இருக்கும் அம்மணி. ஆறுன்னு போட்டா அந்தப் புள்ள மனசு ஒடஞ்சுபோயிரும். எத்தன பாடுபட்டுச் செய்யுது."

நான் இரண்டு என்று எழுதினேன். பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறவன் நான். அளவு மயிரிழை பிசகினாலும் கத்துகிறவன். அடுத்த நாள் ஏழு என்றாள். அதற்கும் இரண்டு போட்டேன். நடுவில் ஒருநாள் அந்தப் பெண்ணே போன் செய்து விசாரித்தாள். "அருமையா இருக்குதுங்க கண்ணு" என்றேன். என் மனைவி பக்கத்தில் ஈரத் துணியைக் கண்மேல் ஒத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மாதக் கடைசியில் போனோம். கருவியில் மனைவியின் தாடையை வைக்கச் சொல்லிப் பார்த்த டாக்டர் பெண்ணின் முகம் மாறிவிட்டது. வலது கருவிழியில் புண். மருந்தை அங்கேயே நிறுத்தினாள். பிறகு நோட்டை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள்.

"பெருசா எரியவே இல்லீங்களாம்மா? இது யாருங்க எழுதுனது?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி சொல்லிவிட்டாள். "நாந்தானுங்க கண்ணு. எனக்குப் பெருசா ஒண்ணும் தெரியலீங்க."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே நிறுத்தியிருப்பனேங்கம்மா" என்று சொல்லும்போது அந்தப் பெண்ணுக்குக் குரல் கம்மியது. எந்த மனசு உடையக் கூடாது என்று பொய் எழுதினேனோ, அது என் எதிரில்தான் உடைந்தது. நான்தான் எழுதினேன் என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். கையில் இருந்த டோக்கன் சீட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நோட்டு இன்றும் என் மனைவி எழுதியதாகத்தான் ஆஸ்பத்திரியில் இருக்கிறது.

புண் ஆறிவிட்டது, தழும்பு தங்கிவிட்டது. வலது கண்ணில் எப்போதும் புகை மூட்டம் என்கிறாள். ஆரி ஊசியின் முனை தெரிவதில்லை. கல்யாண ஜாக்கெட் கொண்டுவருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, கொக்கி வைத்துக் கொடுப்பதோடு நிறுத்திக்கொண்டாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

கண் எப்படி இருக்கிறது என்று இப்போதும் தினம் கேட்கிறேன். "பரவால்லீங்க" என்கிறாள். நிஜமாகவே பரவாயில்லையா, என் மனசு நோகக் கூடாது என்று சொல்கிறாளா, எனக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொல் என்று அவளிடம் கேட்க எனக்கு முகம் இல்லை.