பயந்து பயந்து எழுதிய செண்பகம் அக்கா

செண்பகம் அக்கா இறந்துபோன செய்தி வந்தபோது, தென்காசி கோர்ட்டில் ஒரு வாய்தா முடிந்து நான் வெளியே வந்துகொண்டிருந்தேன். குற்றாலத்தில் அவருடைய லாட்ஜைப் பார்த்துக்கொள்ளும் முத்தையா அண்ணாச்சி போனில் அழைத்தார். “அக்கா போயிட்டாவம்மா. காப்பி கொண்டுபோனேன், எந்திரிக்கல” என்றார். அக்காவின் இதயம் பலவீனமாக இருந்தது எனக்குத் தெரியும். டாக்டர் எச்சரித்திருந்ததும் தெரியும். அப்படியும் என் வாயிலிருந்து முதலில் வந்தது ஒரு கேள்விதான்.

“லாட்ஜ்ல வேற யாரும் தங்கியிருக்காவளா அண்ணாச்சி?”

அவர், “யாருமில்லம்மா. அவுக தானாத்தான் போயிருக்காவ” என்றார்.

நேராகக் குற்றாலம் போனேன். அக்காவின் அறைக்குள் நுழைந்ததும் ஜன்னல் கொக்கிகளைப் பார்த்தேன். கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த தண்ணீர் டம்ளரை எடுத்து மோந்து பார்த்தேன். தூக்கத்திலேயே உயிர் பிரிந்துவிட்டது என்று டாக்டர் வந்து சொன்ன பிறகுதான் அவர் காலடியில் உட்கார்ந்து அழ முடிந்தது. அவர் நாவல்களை வாசித்தவர்களுக்கு இது விளங்கும். நம்மையெல்லாம் அப்படிப் பழக்கிவைத்திருந்தார்.

உங்களில் பலர் அந்த நாவல்களை பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கி, ஊர் போய்ச் சேருவதற்குள் முடித்திருப்பீர்கள். அவற்றை எழுதியவர், ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு சிறிய லாட்ஜ் நடத்திவந்த அம்மாள் என்பது சிலருக்குத்தான் தெரியும். கணவர் போன பிறகு லாட்ஜ் அவர் பொறுப்புக்கு வந்தது. சீசன் மாதங்களில் அறை கேட்டு வாசலில் ஆள் நிற்பார்கள். கார்த்திகை பிறந்தால் ஐயப்ப சாமிகள் வருவார்கள். மற்ற மாதங்களில் இரண்டு மாடியும் காலியாகக் கிடக்கும். அந்தக் காலி மாதங்களில்தான் அவர் எழுதினார்.

எனக்கு அவர் அறிமுகமானது என் அலுவலகத்தில். நான் வக்கீலாகத் தொழில் தொடங்கிய புதிது. வெளியே கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கதவைத் திறந்துகொண்டு வந்தவர், நின்ற நிலையிலேயே, “ஒருத்தி புருசனுக்கு விசம் வச்சிருக்கா. மூணு மாசமாக் கொஞ்சம் கொஞ்சமா. எந்த இடத்துல மாட்டுவா?” என்று கேட்டார். வெளியே பேச்சு நின்றுவிட்டது. நான் மெதுவாக எழுந்து கதவைச் சாத்தி, “நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க, முதல்ல உக்காருங்க” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதறிப்போனார். “ஐயோ, நான் இல்லட்டி, கதையில!” என்றார். அன்றிலிருந்து அவருடைய சட்டச் சந்தேகங்களுக்கு நான்தான். ஒவ்வொரு நாவலின் முதல் வாசகியும் நான்தான்.

இவ்வளவு கொலைகளை எழுதியவர் இயல்பிலேயே பயந்த சுபாவம் கொண்டவர். பல்லிக்குப் பயம். லிப்டுக்குப் பயம். எதிர்பாராமல் போன் அடித்தால் நெஞ்சில் கை வைப்பார். ஆனால் எழுத உட்காரும்போது, பயத்தைத் தேடிப் போய் உட்காருவார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேல் மாடிக்குப் போய் எல்லா அறைக் கதவுகளையும் திறந்துவைப்பார். வராந்தாவின் கடைசியில் நாற்காலி போட்டு, அந்தக் கதவுகளைப் பார்த்தபடி எழுதுவார். காற்றில் ஏதாவது ஒரு கதவு அசையும். அசைந்ததும் பேனா ஓடும். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கீழே இறங்கிவிடுவார். அதற்குமேல் அங்கே இருக்க அவருக்குத் தைரியம் கிடையாது.

“ஏன்க்கா இப்படி உங்களையே வதைச்சுக்கிடுதீங்க?” என்று ஒருமுறை கேட்டேன்.

“எனக்கே வராத பயத்தை அடுத்தவளுக்கு எப்படிட்டி குடுக்கது? எனக்கு வேர்க்கலைன்னா அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போட்டுருவேன்” என்றார்.

இன்னொன்றும் சொல்வார். கொலைகாரன் யார் என்பதை அவர் முதலில் யோசிப்பதே இல்லை. செத்தவனைத் தேடி அழப்போவது யார் என்றுதான் யோசிப்பார். “அழ ஒரு ஆள் இல்லைன்னா அது கதையில்லை, விடுகதை.” அந்த ஆளைத் தேடித்தான் பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போவார். வெங்காய மூட்டைகளுக்கு நடுவே ஒரு வியாபாரி போனில் யாரையோ திட்டிவிட்டு, போனை வைத்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டால் போதும். அக்கா என் கையைக் கிள்ளுவார். ஆள் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

மாத நாவல்கள் ஒவ்வொன்றாக நின்றுபோனபோது எழுத்தை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. கையால் எழுதியதைச் செல்போனில் ஒற்றை விரலால் அடித்து, ஒரு கதைச் செயலியில் வாரம் ஓர் அத்தியாயமாக ஏற்றத் தொடங்கினார். வாசகர்கள் அங்கேயே கீழே கருத்துப் போடுவார்கள். “முன்னால புத்தகத்தை வாங்குனவன் முகம் தெரியாது. இப்போ எல்லாரும் என் வீட்டுக்குள்ளயே உக்காந்து வாசிக்க மாதிரி இருக்கு” என்பார். அதைச் சந்தோஷமாகத்தான் சொன்னார். அந்தத் தொடர் வரும்வரை.

அதில் அண்ணன் ஒருவன், வெள்ளம் வரும் நாளில் தம்பியை அருவிக்கு அழைத்துப் போய்ப் பாறையிலிருந்து தள்ளிவிடுகிறான். வழுக்கி விழுந்தான் என்று ஊர் நம்புகிறது. தள்ளியதைப் பழக்கடை வைத்திருக்கும் ஒரு பெண் பார்த்துவிடுகிறாள். எல்லாமே அக்கா கட்டிய கதை. தம்பிக்குப் பச்சைச் சட்டை போட்டதுகூட, எழுதும்போது எதிர்வீட்டுக் கொடியில் ஒரு பச்சைச் சட்டை காய்ந்துகொண்டிருந்ததால்தான்.

அத்தியாயத்துக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: “இதை உங்களுக்கு யார் சொன்னது?” அக்கா பதில் போடவில்லை. அடுத்த வாரமும் அதே கேள்வி. அதற்கடுத்த வாரம் கேள்வி இல்லை. ஆளே வந்துவிட்டார்.

சீசன் முடிந்து சாமிகள் வருவதற்கு முந்தைய மாதம் அது. லாட்ஜில் வேறு ஒருவரும் இல்லை. அக்கா போனில் கூப்பிட்டார். “ஒரு ஆளு ரூம் எடுத்திருக்காரு. பச்சைச் சட்டை உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேக்காரு. நீ கொஞ்சம் வாரியா?”

நான் போனபோது மழை பிடித்துக்கொண்டது. அந்த மனிதர் கீழே வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். சலவை வேட்டி, நெற்றியில் திருநீறு. இலஞ்சிப் பக்கம் தென்னந்தோப்பு இருப்பதாகச் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் எனக்கு அதிகப் பயத்தைத் தந்தது.

“என் தம்பி அருவில விழுந்து செத்தான். பல வருசமாச்சு. அன்னைக்குப் பச்சைச் சட்டைதான் போட்டிருந்தான். உங்களுக்கு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல அண்ணாச்சி. நான் இட்டுக்கட்டுனது. சத்தியமா” என்றார் அக்கா.

“அப்போ அந்தப் பழக்கடைக்காரி?”

“அவளும் இட்டுக்கட்டுனதுதான்.”

அவர் சிரித்தார். “ஐந்தருவில ஒருத்தி ரம்புட்டானும் மங்குஸ்தானும் விக்கா. காலையில போயிப் பாத்துட்டு வந்தேன். அவதானே?”

அக்கா என் கையைப் பிடித்தார். அந்தப் பிடியின் குளிர்ச்சி இப்போதும் என் மணிக்கட்டில் இருக்கிறது. அந்த மனிதர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. யாரையும் மிரட்டவில்லை. “அடுத்த வாரம் என்ன வருதுன்னு வாசிச்சுட்டுப் போறேன்” என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார்.

நாங்கள் காவல் நிலையத்துக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். வழுக்கி விழுந்ததாக முடிக்கப்பட்ட சம்பவம், ஒரு கதை, கதையை வாசிக்க வந்த ஒரு விருந்தாளி. இதில் எதை வைத்து வழக்குப் போடுவது என்று கேட்டார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். வெளியே வந்து காரில் உட்கார்ந்தோம்.

“ரூமைக் காலி பண்ணச் சொல்லுவோம்க்கா. நீங்க என் வீட்டுக்கு வந்துருங்க” என்றேன்.

“நான் வந்துருவேன். அந்தப் பழக்கடைக்காரி எங்கன போவா? நான் எழுதுன ஒரு வரிக்கு அவ ஏன் சாகணும்?”

முத்தையா அண்ணாச்சியைப் பழக்கடைக்குப் பக்கத்திலேயே இருக்கச் சொல்லிவிட்டு, அக்கா எழுத உட்கார்ந்தார். இந்தமுறை கதவுகளைத் திறந்துவைக்கத் தேவையிருக்கவில்லை. மேலே ஓர் அறையில் அந்த மனிதர் நடக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா எழுதுவார், நிறுத்துவார், மேலே பார்ப்பார். நடுவில் ஒருமுறை அந்த மனிதர் கீழே வந்து டீ கேட்டார். அக்கா டீயைக் கொடுத்துவிட்டு, சாதாரணமாகக் கேட்பதுபோல, “அம்மா இருக்காவளா அண்ணாச்சி?” என்றார்.

“இல்ல. தம்பி போன மறுவருசமே போயிட்டா.”

அக்கா திரும்பி வந்து, அதுவரை எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கினார்.

அந்த அத்தியாயத்தில், பழக்கடைப் பெண் சொன்னது பொய் என்று தெரியவருகிறது. சம்பவத்தன்று அவள் ஊரிலேயே இல்லை. பார்த்ததாகப் பெருமைக்குச் சொல்லியிருக்கிறாள். உண்மை தெரிந்தவள் ஒருத்திதான். தாய். மூத்தவன் வீடு திரும்பிய விதத்திலேயே அவள் கண்டுகொண்டாள். யாரிடமும் சொல்லாமல், அவனுக்குத் தினமும் சோறு போட்டு, அவன் முகத்தைப் பார்க்காமலேயே இருந்து செத்துப்போனாள்.

“செத்தவளை யாரும் இனிமே ஒண்ணும் செய்ய முடியாது. அதான் அவ கையில குடுத்துட்டேன்” என்று சொல்லிக்கொண்டே ஒற்றை விரலால் அடித்தார். விரல் நடுக்கத்தில் எழுத்துகள் தப்பித் தப்பி விழுந்தன. நான் அடித்துத் தருகிறேன் என்றேன். விடவில்லை. மறுநாள் மதியம் ஏற்றினார்.

மாடியில் நடை நின்றது. வெகுநேரம் எந்தச் சத்தமும் இல்லை. அப்புறம் அவர் பையோடு இறங்கி வந்தார். கண் சிவந்திருந்தது. “எங்க அம்மா என் முகத்தைப் பாக்காமத்தான் சோறு போட்டா. தம்பி போன துக்கம்னு நினைச்சேன்” என்றார். சாவியை மேசைமேல் வைத்துவிட்டு மழையில் இறங்கிப் போனார்.

எங்கே போகிறார் என்று தெரியவில்லை. முத்தையா அண்ணாச்சிக்குப் போன் போட்டால் கிடைக்கவில்லை. ஐந்தருவிக்கு ஓடினோம். பழக்கடை தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. அக்கா அந்தத் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். என்னால் அவரைத் தூக்கக்கூட முடியவில்லை. பிறகு முத்தையா அண்ணாச்சி குடையோடு வந்தார். “அவ மழைன்னு கடையை மூடிட்டுப் பாவூர்சத்திரத்துக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னா. நான்தான் பஸ் ஏத்திவிட்டுட்டு வாரேன். போன்ல சார்ஜ் இல்ல” என்றார். அருவியின் இரைச்சலையும் மீறி அக்கா அழுதது கேட்டது.

அந்த மனிதர் நேராகக் கோர்ட்டுக்குத்தான் போயிருந்தார். தம்பியைத் தள்ளியது தான்தான் என்று மாஜிஸ்திரேட் முன்னால் சொன்னார். முதலில் யாரும் நம்பவில்லை. பழைய சம்பவம் திரும்ப விசாரிக்கப்பட்டது. வழக்கு நெடுநாள் நடந்து தண்டனை ஆனது. அக்காவின் கதையைப் பற்றி அவர் எங்கேயும் வாய் திறக்கவில்லை. பழக்கடைக்காரிக்கு இன்றுவரை எதுவும் தெரியாது.

எனக்குத் தெரிந்தவர்கள் இதைக் கேட்டால், எழுத்தின் வெற்றி என்பார்கள். அக்காவிடம் அப்படிச் சொல்லிவிட முடியாது. “நான் யாரையும் ஜெயிலுக்கு அனுப்ப எழுதல. ஒருத்தி உயிரோட இருக்கணும்னு எழுதுனேன். இது இருட்டுக்குள்ள கல்லெறியுத மாதிரி. யாரு மேல விழுதுன்னு எறிஞ்சவளுக்குத் தெரியாது” என்றார். ஒரு சீசனும் அடுத்த சீசனும் அவர் ஒரு வரி எழுதவில்லை. யாராவது ஒற்றை ஆளாக வந்து அறை கேட்டால் இல்லை என்று அனுப்பச் சொன்னார். மறுபடி எழுதத் தொடங்கியபோது அவர் கதைகளில் ஒரு மாற்றம் வந்தது. ஊர், அருவி, சட்டை நிறம் எதுவும் வராது. வாசகர்கள் குறைபட்டார்கள். நான் காரணம் தெரிந்ததால் பேசாமல் இருந்தேன்.

கடைசியாக அவரோடு நெடுநேரம் இருந்தது போன மாதம். இதயப் பரிசோதனைக்காகத் திருநெல்வேலிக்கு என் காரில் அழைத்துப் போனேன். வழியெல்லாம் சேலைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்திவிட்டு, “பயமா இருக்காக்கா?” என்று கேட்டேன்.

நெஞ்சில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“இருக்குட்டி. ரொம்ப இருக்கு. உங்கிட்ட பேனா இருக்கா?”

செண்பகம் அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கேள்வி. ஒரு வழக்கில் எழுந்து நிற்கும் முன்பு என் கை நடுங்கினால், அந்த நடுக்கம் போகட்டும் என்று இப்போதெல்லாம் காத்திருப்பதில்லை. நடுங்கும் கையாலேயே குறிப்பெழுதத் தொடங்கிவிடுகிறேன்.