மீன்தொட்டிக்கு மொட்டை

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மீன்தொட்டிக்கு மொட்டை போட்டோம்.

சிரிக்காதீர்கள். மீனுக்கு இல்லை, தொட்டிக்குத்தான். கடையில் விற்கும் சாதாரணக் கண்ணாடித் தொட்டியைப் பார்த்திருப்பீர்கள். மேல் விளிம்பைச் சுற்றிக் கறுப்பு பிளாஸ்டிக்கில் ஒரு சட்டம் இருக்கும். அதைக் கழற்றிவிட்டால் நான்கு பக்கமும் வெறும் கண்ணாடிதான். தண்ணீர் தானாகவே நிற்பதுபோல இருக்கும். இதற்கு 'ரிம்லெஸ்' என்று பெயர். அழகுக்காகவே இப்படிச் செய்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நாங்கள் அழகுக்காகச் செய்யவில்லை. ஒரு ஸ்டூலுக்காகச் செய்தோம்.

என் மகள் ஆதிராவுக்கு ஐந்து வயது. அவள் பிறந்தநாளுக்கு அவள் அப்பா பிரசன்னா வாங்கி வந்த தொட்டி அது. மாரெட்பள்ளியில் நாங்கள் குடியிருக்கும் அபார்ட்மெண்டின் ஹாலில், சுவரோரம், ஒரு ஸ்டாண்டின்மேல் இருக்கிறது. சில கப்பி மீன்கள், ஒரு மஞ்சள் கௌராமி. கௌராமிக்கு அவள் வைத்த பெயர் லட்டு. ஸ்கூல் விட்டு வந்ததும் லட்டுவுக்குத் தீனி போடுவது அவள் வேலை. தீனி தண்ணீரில் மிதக்கும். லட்டு மெதுவாக மேலே வந்து, வாயைத் திறந்து, கபக்கென்று விழுங்கும். மீன் வளர்ப்பதில் பார்க்கவேண்டிய காட்சியே அதுதான்.

ஆனால் அந்தக் காட்சி நடப்பது எங்கே? சரியாக அந்தக் கறுப்புச் சட்டத்துக்குப் பின்னால்!

பெரியவர்கள் மேலிருந்து எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். ஆதிராவின் உயரத்துக்கு லட்டுவின் வயிறும் வாலும்தான் தெரியும்.

"அம்மா, லட்டு நோரு கனிபிஞ்சட்லேது!" லட்டுவின் வாய் தெரியவில்லையாம். நான் தமிழில் பேசினால் அவள் ஊர்மொழியான தெலுங்கில் பதில் சொல்வாள், அது எங்கள் வீட்டு வழக்கம்.

"அப்புறம் காட்டறேன்டா" என்பேன். எனக்கு அடுப்பில் ஏதாவது இருக்கும்.

அப்புறம் ஒருநாள் அவளே பார்த்துக்கொள்ளக் கிளம்பிவிட்டாள். பல் தேய்ப்பதற்காக வாஷ்பேசினுக்கு முன்னால் ஒரு குட்டி ஸ்டூல் போட்டிருப்போம். அதை இழுத்து வந்து, மேலே ஏறி, நுனிக்காலில் நின்று, இரண்டு கையாலும் தொட்டியின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்திருக்கிறாள். நான் கரண்டியோடு சமையலறையிலிருந்து வெளியே வந்த நேரம்... ஸ்டூல் ஒரு பக்கமாகச் சாய்கிறது.

பிடித்துவிட்டேன். கரண்டி எங்கே போனது என்று தெரியவில்லை. பிடித்துவிட்டேன்.

அவள் பிடியில் தொட்டியும் சேர்ந்து சாய்ந்திருந்தால்? கண்ணாடி, தண்ணீர், குழந்தை – மூன்றையும் சேர்த்து நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். வீட்டில் இருக்கிற டீப்பாய், கட்டில், டிவி ஸ்டாண்ட், எல்லாவற்றின் விளிம்பிலும் ஸ்பாஞ்ச் டேப் ஒட்டி வைத்திருப்பவள். ஒட்டிய பிறகும், சரியாக ஒட்டினேனா என்று அழுத்திப் பார்ப்பவள். கீழ்வீட்டு சுகுணா அக்கா – திருமுல்கேரியில் பிறந்து வளர்ந்தவர், நம் தமிழோடு இந்த ஊர் உருதுப் பேச்சையும் கலந்துகட்டி அடிப்பார் – அவர் அடிக்கடி சொல்வார்: "உங்க வீட்டுல தடுக்கி விழுந்தா அடி படாதும்மா, தூக்கம்தான் வரும்."

அப்படிப்பட்ட நான் என்ன முடிவு செய்திருப்பேன்? தொட்டியே வேண்டாம். சுகுணா அக்காவுக்குக் கொடுத்துவிடலாம். அவர் வீட்டில் சின்னக் குழந்தைகள் இல்லை.

பிரசன்னா ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் க்யூசி பிரிவில் இருக்கிறார். நாள் முழுவதும் மாத்திரைகளைச் சோதித்துவிட்டு வருகிற மனிதர். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். ஆதிரா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை.

"ஸ்டூல எடுத்து ஒளிச்சு வெச்சா போதாதா?" என்றார்.

"இன்னைக்கு ஸ்டூல். நாளைக்கு நாற்காலிய இழுத்துட்டு வருவா."

"சரி, அவ எதுக்கு ஏறுனா?"

எப்படி ஏறினாள், எப்படிச் சாய்ந்தாள் என்பதையே மனதில் ஓட்டிக்கொண்டிருந்தேனே தவிர, எதற்கு ஏறினாள் என்று நான் கேட்கவே இல்லை.

அவர் மகளுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவள் உயரத்திலிருந்து தொட்டியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "ஏம்மா, நீயும் இங்க வந்து உக்காந்து பாரேன்."

"எனக்கு வேலை இருக்குங்க" என்று உள்ளே போய்விட்டேன்.

சட்டத்தைக் கழற்றிவிட்டால் அவள் ஏறவேண்டிய அவசியமே இருக்காது என்பது அவர் கட்சி. எனக்கோ புதுக் கவலை. சட்டம் இல்லாமல் கண்ணாடி தண்ணீரின் பாரத்தைத் தாங்குமா? விளிம்பு கையைக் கிழிக்காதா? மீன் வளர்ப்பவர்களின் குழு ஒன்றில் கேட்டுப் பார்த்தேன். ஒருவர், 'சின்னத் தொட்டிதானே, தாராளமாகச் செய்யலாம்' என்றார். இன்னொருவர், வெடித்துப்போன தொட்டியின் படத்தைப் போட்டார். நான் யாரை நம்பியிருப்பேன் என்று சொல்லவும் வேண்டுமா?

பிரசன்னா பொறுமையாக விளக்கினார். நீளமான தொட்டிகளில் நடுவே குறுக்குப் பட்டை ஒன்று இருக்கும். அதுதான் கண்ணாடியைப் பிதுங்காமல் பிடித்துக்கொள்ளும். அந்த மாதிரித் தொட்டியில் கைவைக்கவே கூடாது. நம்முடையது சின்னது, கண்ணாடி தடிமன், குறுக்குப் பட்டை கிடையாது. அடிச் சட்டத்தைத் தொடப்போவதில்லை, மேலே இருப்பதை மட்டும் கழற்றுவோம்.

கடைசியில் ஓர் ஒப்பந்தம். சட்டத்தைக் கழற்றிய பிறகு தண்ணீர் நிரப்பி ஒருநாள் முழுக்க வைத்துப் பார்ப்பது. ஒரு சொட்டு கசிந்தாலும் தொட்டி கீழ்வீட்டுக்குப் போய்விடும்.

"ப்ராமிஸ்?" என்றாள் ஆதிரா. அப்பாவிடம் இல்லை. என்னிடம்.

எங்கள் தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். அந்த ஞாயிறு தண்ணீர் வரும் நாள். மீன்களை ஏர் பம்ப்போடு ஒரு பக்கெட்டுக்கு மாற்றினோம். காலித் தொட்டியை ஜமக்காளத்தின்மேல் கவிழ்த்துவைத்தார் பிரசன்னா. என் ஹேர் டிரையரால் சட்டத்தைச் சூடாக்கி, கண்ணாடிக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் பிளேடை விட்டு, ஒட்டியிருந்த பழைய சிலிக்கானை அறுத்துக்கொண்டே போனார். நான் ஆதிராவைச் சோபாவில் ஏற்றி உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் சுகுணா அக்கா உள்ளே வந்தார். "என்னம்மா இது, தொட்டிக்கு மொட்டையா? மொட்டைன்னா மாமன் மடியில உக்கார வெச்சுல்ல போடணும்? கைக்கு தரையில கவுத்துப் போட்டிருக்கீங்க?" 'கைக்கு' என்றால் அந்த ஊர்ப் பேச்சில் 'எதற்கு'.

படக்கென்று ஒரு சத்தம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "உடைஞ்சிருச்சா?"

"உடைஞ்சது பிளாஸ்டிக்குங்க மேடம். கண்ணைத் தொறங்க" என்றார் பிரசன்னா.

விளிம்பில் மிச்சமிருந்த சிலிக்கானைச் சுரண்டினார். மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொண்டு, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, விளிம்பைத் தேய்த்தார். தேய்த்து முடித்ததும் என் கையில் ஒரு பிடி பஞ்சைத் திணித்தார்.

"இந்தா. இன்னைக்கு க்யூசி நீதான். இத விளிம்பு முழுக்க ஓட்டிப் பாரு. எங்கயாவது ஒரு நூல் மாட்டுனாலும் ரிஜெக்ட் பண்ணு, மறுபடி தேய்க்கறேன்."

ரிஜெக்ட் செய்தேன். மறுபடியும் ரிஜெக்ட் செய்தேன். அவர் மறுபடியும் தேய்த்தார். கடைசியில் பஞ்சு வழுக்கிக்கொண்டு போனது. நான்தான் பாஸ் போட்டேன்.

பிறகு பால்கனி. தொட்டிக்கு அடியில் தெர்மோகோல், சுற்றிலும் செய்தித்தாள், சொட்டு விழுந்தால் தெரிய வேண்டுமே! குழாய்த் தண்ணீரை நிரப்பினோம். "கீழ உங்க பால்கனிக்குத் தண்ணி வந்தா மன்னிச்சுக்கோங்கக்கா" என்றேன்.

"டென்ஷன் நக்கோமா, கவலையே படாதீங்க. லீக் ஆனா என் செடிக்குத் தண்ணி, தொட்டியும் எனக்கு. எனக்கு ரெண்டு பக்கமும் லாபம்!"

ஆதிரா சிரிக்கவில்லை. கிரேயான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து தொட்டிக்கு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள். சாப்பாடும் அங்கேயே.

மத்தியானம் நான் எட்டிப் பார்த்தபோது செய்தித்தாளில் ஈரம்! நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "அம்மா, ஸாரி, ஸாரி, அது நான்! என் வாட்டர் பாட்டில்!" அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. இத்தனை பயத்தை அந்தச் சின்ன முகத்தில் நான் பார்த்ததில்லை. பார்த்திருக்கிறேன்... கண்ணாடியில், என் முகத்தில்.

ஈரத்தாளை எடுத்துவிட்டு வேறு தாள் போட்டேன். "நம்பறேன்டா" என்றேன்.

திங்கள் காலை தாள் காய்ந்தே இருந்தது. பிரசன்னா முன்கண்ணாடியில் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்திப் பிதுக்கம் இருக்கிறதா என்று பார்த்தார். "பாஸ்!" ஆதிரா குதித்த குதியில் கீழ்வீட்டிலிருந்து அக்கா கையைத் தட்டியது கேட்டது. அந்தத் தண்ணீரில் வீட்டை ஒருமுறை துடைத்துவிட்டேன்.

சாயந்திரம் தொட்டி தன் இடத்துக்கு வந்தது. மீன்களும் வந்துவிட்டன. அவை துள்ளிக் குதிக்காமல் இருக்க மேலே ஒரு மெல்லிய, நிறமில்லாத மூடி. தீனி போட அதில் ஒரு மூலை திறப்பு. பிரசன்னா குளிக்கப் போனார்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

அந்த வெறும் விளிம்பைப் பார்க்கப் பார்க்க... நானே பாஸ் போட்ட விளிம்புதான். ஆனாலும் கண்ணாடி கண்ணாடிதானே? அலமாரியில் வெள்ளை ஸ்பாஞ்ச் டேப் மிச்சம் இருந்தது. எடுத்து வந்து தொட்டியின் விளிம்பைச் சுற்றி அழகாக ஒட்டி முடித்தேன். மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

ஆதிரா தீனி டப்பாவோடு வந்தாள். தொட்டியைப் பார்த்தாள். கறுப்பு இருந்த அதே இடத்தில் இப்போது வெள்ளை. டப்பாவைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

தரையில் ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டது.

வாஷ்பேசின் பக்கமிருந்து அதை இழுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். அடம் இல்லை. வாய் தெரியவில்லை, ஆகவே ஸ்டூல். அவ்வளவுதான். அவளைக் காப்பாற்ற நான் ஒட்டியதுதான் அவளை மறுபடியும் ஸ்டூலில் ஏற்றப் போகிறது!

ஓடிப்போய் ஸ்பாஞ்சைப் பிய்க்க ஆரம்பித்தேன். துண்டோடு வெளியே வந்த பிரசன்னா, தொட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க மேடம், மீனுக்கு ஹெல்மெட்டா?"

அவர் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. விளிம்பில் ஒட்டியிருந்த பசையை ஒரு துணியால் துடைக்க அவரும் உட்கார்ந்தார்.

எனக்கு வாய்த்தவர்களை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. 'பயப்படாதே' என்று என்னிடம் சொல்லாதவர்களே இல்லை. சொன்னதால் பயம் போனதும் இல்லை. இந்த மனிதர் அதைச் சொல்லவே இல்லை, என் கையில் ஒரு பிடி பஞ்சைக் கொடுத்தார். தனக்கு வரவேண்டிய தொட்டி போய்விட்டதே என்று முறையிட்டுக்கொண்டே, கிண்ணத்தில் சந்தனத்தோடு படியேறி வந்தார் சுகுணா அக்கா. "மொட்டைன்னா சந்தனம் வைக்காம எப்படி?" என்று ஸ்டாண்டின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தார். மகளோ, எனக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுப்பதுபோல, ஸ்டூலின் பக்கத்தில் நின்றபடியே காத்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஸ்டூலில் நான் உட்கார்ந்தேன். என் கண்ணும் அவள் கண்ணும் ஒரே உயரத்துக்கு வந்தன.

அவள் தீனி போட்டாள். அடியிலிருந்து பார்த்தால் தண்ணீரின் மேல்மட்டம் முகம் பார்க்கும் கண்ணாடிபோலப் பளபளக்கிறது, தெரியுமா உங்களுக்கு? லட்டு மேலே போனது. அங்கிருந்து இன்னொரு லட்டு தலைகீழாக இறங்கி வந்தது. இரண்டு வாயும் ஒரே தீனித் துணுக்கில் வந்து தொட்டன. கபக்!

"ரெண்டு லட்டு!" என்றாள் ஆதிரா. தமிழில்.

அவளுடைய ஸ்டூல் இப்போது சாயந்திரமானால் என்னுடையது. மிச்சமிருந்த ஸ்பாஞ்சை அதன் காலில் ஒட்டியிருக்கிறேன்... பழக்கம், உடனே போய்விடுமா?